பூட்லோடரும் கர்னலும் ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜைத் திறக்கும்போது

கர்னல் ஒரு பார்ட்டிஷனிலும் ரூட் ஃபைல் சிஸ்டம் இன்னொன்றிலும் இருக்கும் எம்பெடெட் லினக்ஸ் போர்டில், என்றைக்காவது இரண்டும் பொருந்தாமல் போகும். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனாலே போதும். கர்னல் புதியது, மாட்யூல்கள் பழையவை. போர்டு பூட் ஆகும், ஆனால் வைஃபை மாட்யூல் ஏறாது. வயர்லெஸ் வழியாக மட்டுமே தொடர்புகொள்ளக்கூடிய போர்டு என்றால், யாராவது நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு நல்ல தீர்வு, கர்னல், டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு), மாட்யூல்கள், மற்ற எல்லாக் கோப்புகளும் ஒரே சுருக்கிய ரீட்-ஒன்லி இமேஜுக்குள், அதாவது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்குள், இருப்பது. ஏ, பி என்று இரண்டு ஸ்லாட். அப்டேட் என்றால் ஓடாத ஸ்லாட்டில் முழு இமேஜையும் எழுதி, சரிபார்த்து, எந்த ஸ்லாட்டில் பூட் ஆக வேண்டும் என்ற ஒரே ஒரு மாறியை மாற்றுவது. கர்னலும் மாட்யூலும் பிரிய வழியே இல்லை. ஆனால் இப்போது கர்னல் கோப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க, கர்னலை ராமில் ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடருக்கே ஸ்குவாஷ்எஃப்எஸ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரே இமேஜை இரண்டு பேர் படிக்கிறார்கள். லினக்ஸ் கர்னலின் ஸ்குவாஷ்எஃப்எஸ் குறியீடு 2009 முதல், 2.6.29 பதிப்பிலிருந்து, மெயின்லைனில் இருந்து பழுத்தது. எம்பெடெட் போர்டுகளில் பரவலான பூட்லோடரான யூ-பூட்டில் அந்தக் குறியீடு 2020.10 பதிப்பில்தான் வந்தது. அதற்குத் தெரிந்த சுருக்க முறைகளும் குறைவு, கையில் இருக்கும் நினைவகமும் குறைவு. இமேஜ் கட்டும்போது இந்த பலவீனமான வாசகரை மனதில் வைத்துத்தான் கட்ட வேண்டும். அவரால் படிக்க முடிந்ததைக் கர்னலும் படித்துவிடும்.

எந்த ஃபைல் சிஸ்டம்

கிராம்எஃப்எஸ் பழையது, எளிமையானது. 4 கேபி துண்டுகளாக ஸிலிப் முறையில் சுருக்கும். ஒரு கோப்பு 16 எம்பிக்குள் இருக்க வேண்டும், மொத்த ஃபைல் சிஸ்டமும் ஏறக்குறைய 256 எம்பிக்குள் அடங்க வேண்டும். நேரமுத்திரை கிடையாது, குழு எண்ணுக்கு 8 பிட் மட்டுமே. யூ-பூட்டில் இதற்கு ஆதரவு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அது நினைவக முகவரியாகவே நேரடியாகப் படிக்க முடிகிற நார் ஃபிளாஷுக்கு எழுதப்பட்டது. பைட் வரிசை இமேஜைக் கட்டிய கணினியுடையதாக இருக்கும், அதனால் உயர்மதிப்பு பைட்டை முதலில் வைக்கும் பிக்-எண்டியன் மிப்ஸ் போர்டுக்கு கட்டும்போதே வரிசையைச் சொல்லிக் கட்ட வேண்டும். 2017-இல் லினக்ஸ் 4.15-க்காக நிக்கோலா பிட்ரே இதற்குப் புத்துயிர் கொடுத்தார். ஃபிளாஷிலிருந்தே நேரடியாக நிரலை ஓட்டுவதற்கு, அதுவும் ராம் மிகக் குறைந்த சிப்களில், இன்றும் இது பொருத்தம். மற்ற இடங்களில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரோஎஃப்எஸ் யூ-பூட்டுக்கு 2022-இல் வந்தது. எல்இசட்4 சுருக்கத்தோடு நல்ல வேகம். ஆண்ட்ராய்டு சூழலிலிருந்து வரும் இமேஜ் என்றால் இதுவே இயல்பான தேர்வு. மற்றபடி கருவிகளும் அனுபவமும் அதிகம் திரண்டிருப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் பக்கம்தான். ஃபிலிப் லாகர் 2002-இல் வெளியிட்டது. இன்றைய 4.0 வடிவத்தில் துண்டின் அளவை 4 கேபி முதல் 1 எம்பி வரை வைக்கலாம், இயல்பு 128 கேபி. இனி வருவதெல்லாம் இதைப் பற்றித்தான்.

முதல் 48 பைட்டுகள்

இமேஜை ஃபிளாஷில் எழுதிய பிறகு பூட் ஆகவில்லை என்றால், வேறு எதையும் மாற்றிப் பார்க்கும் முன் இமேஜின் தலைப்பகுதியான சூப்பர்பிளாக்கைக் கண்ணால் பாருங்கள். மொத்தம் 96 பைட்தான். யூ-பூட் ப்ராம்ப்டில் அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்தை ராமில் படித்து, நினைவகத்தை பைட் பைட்டாகக் காட்டும் எம்டி கட்டளையை ஓட்டினால் வரிக்கு 16 பைட் வரும். முதல் மூன்று வரிகள் போதும்.

முதல் வரியின் முதல் நான்கு பைட் 68 73 71 73 என்று இருக்க வேண்டும். எச், எஸ், க்யூ, எஸ் என்ற எழுத்துகள்தான் இவை. எல்லாம் எஃப்எஃப் என்று வந்தால் அந்த இடத்தில் எதுவுமே எழுதப்படவில்லை, அல்லது தவறான இடத்தைப் படிக்கிறீர்கள். யூ-பூட் எண்களை 16-அடிமானமாகவே எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்து 100 துண்டு படி என்றால் 256 துண்டு படிக்கும். முகவரியிலும் இதே தவறு நடக்கும், அப்போது தேடுவது வேறு இடத்தில் போய் நிற்கும்.

அதே வரியின் கடைசி நான்கு பைட் துண்டின் அளவு. 00 00 02 00 என்றால் 131072, அதாவது 128 கேபி.

இரண்டாம் வரியில் 5, 6-ஆம் பைட்டுகள் சுருக்க முறையின் எண். 1 என்றால் ஜிஸிப், 3 எல்இசட்ஓ, 4 எக்ஸ்இசட், 5 எல்இசட்4, 6 இசட்ஸ்டாண்டர்ட். பூட்லோடர் திறக்க மறுக்கும் இமேஜ்களில் இங்கே 04 00 இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். யாரோ இடத்தை மிச்சப்படுத்த எக்ஸ்இசட் போட்டிருப்பார்கள், கர்னலும் அதை மகிழ்ச்சியோடு படிக்கும். யூ-பூட்டின் ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதிக்கு அது தெரியாது. அடுத்த இரண்டு பைட் துண்டின் அளவின் மடக்கை. 11 00 என்றால் 17, இரண்டின் 17-ஆம் அடுக்கு 131072. முதல் வரியில் பார்த்ததோடு இது ஒத்துப்போக வேண்டும். வரியின் கடைசி நான்கு பைட் 04 00 00 00, பதிப்பு 4.0.

மூன்றாம் வரியின் கடைசி எட்டு பைட்தான் மிகவும் உதவுவது. இமேஜில் பயன்பட்ட மொத்த பைட்டுகள். 36 41 13 01 00 00 00 00 என்று வந்தால், பின்னிருந்து படிக்க, 18039094 பைட். இதைப் பார்ட்டிஷனின் அளவோடு ஒப்பிடுங்கள். பார்ட்டிஷன் 17 எம்பி, அதாவது 17825792 பைட் என்றால், 213302 பைட் வெளியே தொங்குகிறது.

இந்த வெளியே தொங்கும் நிலை ஏமாற்றக்கூடியது. ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் சூப்பர்பிளாக் முதலில், கோப்புகளின் தரவு அதற்குப் பின், கோப்புகளின் விவரம் உள்ள ஐநோடு அட்டவணை, கோப்பக அட்டவணை, உரிமையாளர், குழு எண்கள் உள்ள அடையாள எண் அட்டவணை எல்லாம் கடைசியில். வால் வெட்டுப்பட்ட இமேஜிலும் தொடக்கம் அச்சு அசலாக இருக்கும். கர்னல் மவுன்ட் செய்யும்போது அடையாள எண் அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் இணையத்தில் கர்னல் பிழை தேடாதீர்கள். இமேஜ் முழுதாக எழுதப்படவில்லை, அல்லது பார்ட்டிஷன் சிறியது. பத்தில் ஒன்பது முறை அதுதான்.

இதே பைட் எண்ணிக்கையை, ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி அழகாகப் பயன்படுத்துகிறது. ரூட் இமேஜ் எங்கே முடிகிறது என்று சூப்பர்பிளாக்கிலிருந்தே கண்டுபிடித்து, அடுத்த அழிப்புத் துண்டின் எல்லையிலிருந்து மீதி இடத்தை எழுதக்கூடிய பகுதியாகப் பிரித்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான ரவுட்டர்களில் கர்னல் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு வெளியே, அதற்கு முன்னால் தனியாக இருக்கும். பூட்லோடர் ஃபைல் சிஸ்டம் எதையும் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் போட்ட பழைய பூட்லோடரை மாற்ற முடியாத சாதனங்களில் இதுவே புத்திசாலித்தனமான வழி.

இமேஜைக் கட்டுவது

கட்டும் கருவிக்கு இயல்பான அமைப்புகளையே விட்டுவிடாதீர்கள். எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளர் ரூட் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பில்டு கணினியில் இருந்த பயனர் எண் இமேஜுக்குள் போய்விடும். ஏற்கெனவே அதே பெயரில் இமேஜ் இருந்தால் அதோடு சேர்க்காமல் புதிதாக எழுதச் சொல்லுங்கள், சேர்ப்பதுதான் அந்தக் கருவியின் இயல்பு. பில்டு ஸ்கிரிப்ட் இரண்டாம் முறை ஓடும்போது இமேஜ் காரணமில்லாமல் வீங்கினால் இதைத்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்டட் ஆட்ரிப்யூட் தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். எஸ்இலினக்ஸோ, கோப்பு அளவில் கேப்பபிலிட்டியோ வைத்திருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

ஃபிராக்மென்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 128 கேபிக்குக் குறைந்த சிறு கோப்புகளையும், பெரிய கோப்புகளின் மிச்ச வால்களையும் ஒரே துண்டில் அடைத்துச் சுருக்குவதுதான் ஃபிராக்மென்ட். இடம் மிச்சமாகும். ஆனால் 20 கேபி டிவைஸ் ட்ரீ ஒன்றைப் படிக்க, அது அடைபட்டிருக்கும் 128 கேபி துண்டு முழுவதையும் விரிக்க வேண்டும். யூ-பூட்டின் முதல் பதிப்புகளில் ஃபிராக்மென்டில் விழும் கோப்புகளைப் படிப்பதில் பிழைகள் இருந்து பிறகு திருத்தப்பட்டன. பூட்லோடர் தொடும் கோப்புகளுக்கு மட்டும் என்று தனியாக ஒரு சிறு இமேஜ் வைத்திருந்தால், அதில் ஃபிராக்மென்ட்டை அணைத்துவிடுங்கள். நாலைந்து கோப்புகளுக்கு இழப்பு சில கிலோபைட்தான், சிக்கலில் பாதி போய்விடும்.

இன்னொன்று, ஏற்கெனவே சுருக்கிய கர்னலை உள்ளே வைப்பது. 32-பிட் ஆர்மின் இசட்இமேஜ் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும், அதை மறுபடி சுருக்கினால் எதுவும் குறையாது. ஸ்குவாஷ்எஃப்எஸ் இதைக் கவனித்துக்கொள்ளும். சுருக்கிப் பார்த்து சிறிதாகவில்லை என்றால் அந்தத் துண்டை அப்படியே எழுதி, அளவைக் குறிக்கும் சொல்லில் 24-ஆம் பிட்டை ஏற்றிவிடும். எனவே தொல்லை இல்லை, லாபமும் இல்லை. 64-பிட் ஆர்மில் கதை வேறு. அந்தக் கர்னல் கோப்புக்குத் தன்னை விரிக்கத் தெரியாது. அதைச் சுருக்காமலேயே இமேஜுக்குள் வைத்து, சுருக்குவதை ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸிடம் விட்டுவிடுவது மிகச் சரி. அதை ஜிஸிப்பில் சுருக்கி, அதன் பின் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் வைத்தால், பூட்லோடர் முதலில் ஒரு நகலும், விரித்து இன்னொரு நகலும் எடுக்க வேண்டிவரும்.

எந்தச் சுருக்க முறை என்பது கணக்கு போட்டுத் தீர்க்க வேண்டியது. பூட்லோடர் கர்னலை ஏற்றும் நேரம் இரண்டு பகுதி: சுருக்கிய அளவை ஃபிளாஷின் வேகத்தால் வகுத்தது, விரிந்த அளவை விரிக்கும் வேகத்தால் வகுத்தது. எஸ்பிஐ நார் 50 மெகாஹெர்ட்ஸில் ஒற்றை லைனில் ஓடினால் அதிகபட்சம் விநாடிக்கு 6.25 எம்பி. நான்கு லைனில் 25 எம்பி. உதாரணத்துக்கு 20 எம்பி கர்னல், ஜிஸிப்பில் 8 எம்பி, எல்இசட்ஓவில் 9.5 எம்பி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விரிக்கும் வேகம் ஜிஸிப்புக்கு விநாடிக்கு 40, எல்இசட்ஓவுக்கு 150 எம்பி என்று கொள்வோம். ஒற்றை லைனில் ஜிஸிப் 1.28 விநாடி படிக்கும், 0.5 விநாடி விரிக்கும், மொத்தம் 1.78. எல்இசட்ஓ 1.52 கூட்டல் 0.13, மொத்தம் 1.65. நெருக்கமான போட்டி. அதே இமேஜ் விநாடிக்கு 100 எம்பி தரும் ஈஎம்எம்சியில் இருந்தால் ஜிஸிப் 0.58, எல்இசட்ஓ 0.23 விநாடிக்கும் கீழே. ஃபிளாஷ் வேகமாக ஆக ஆக, விரிக்கும் வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்கள் போர்டின் உண்மையான எண்களை யூ-பூட்டின் டைம் கட்டளையை ஏற்றும் கட்டளைக்கு முன் போட்டு எடுங்கள். டேட்டா கேஷ் அணைந்திருக்கும் பில்டில் அளந்தால் விரிக்கும் வேகம் படுத்துவிடும், அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இட நெருக்கடி இல்லாத ஈஎம்எம்சி போர்டுகளில் என் தேர்வு இசட்ஸ்டாண்டர்ட். சுருக்கமும் நல்லது, விரிப்பதும் ஜிஸிப்பை விட வேகம். கட்டும் கருவியின் இயல்பான நிலை 15, அதை 22 வரை ஏற்றலாம். ஏற்றினால் பில்டு நேரம்தான் கூடும், விரிக்கும் வேகம் பெரிதாக மாறாது. கர்னல் கட்டமைப்பில் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குக் கீழே இசட்ஸ்டாண்டர்ட் தனியாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் அங்கே தனித்தனித் தேர்வு உண்டு. யூ-பூட்டிலும் அதே நூலகம் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும்.

மாலக் பற்றாமல் போவது

யூ-பூட் ஒரு கோப்பைத் தேடும்போது ஐநோடு அட்டவணை முழுவதையும், கோப்பக அட்டவணை முழுவதையும் விரித்து ஹீப்பில் (மாலக் என்ற ஒதுக்கீட்டுக்கு வைத்திருக்கும் ராம் பகுதியில்) வைத்துக்கொள்ளும். லினக்ஸ் போல வேண்டிய 8 கேபி மெட்டாடேட்டாத் துண்டை மட்டும் எடுக்காது. ஒரு சாதாரணக் கோப்பின் ஐநோடு 32 பைட், அதோடு ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் 4 பைட். கோப்பகப் பதிவு 8 பைட்டும் பெயரின் நீளமும். 20000 கோப்புகள் உள்ள ரூட் இமேஜில் ஐநோடுக்குச் சராசரி 40, பதிவுக்கு 25 பைட் என்று போட்டால் 1.3 எம்பி ஆகிறது. இதோடு துண்டின் அளவுக்கு ஒரு பஃபர், இசட்ஸ்டாண்டர்டின் வேலை நினைவகம். துண்டை 1 எம்பியாக வைத்தவர்களுக்கு அந்த பஃபரும் 1 எம்பி.

பைதானும் நேர மண்டலக் கோப்புகளும் அடங்கிய ரூட் இமேஜில் இந்த எண்ணிக்கை எளிதாக வந்துவிடும். சோதனை மேசையில் சின்ன இமேஜோடு ஓடியது, உற்பத்தி இமேஜில் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று நிற்கும். யூ-பூட் கட்டமைப்பில் மாலக் நீளத்தை 16 எம்பி அளவுக்கு ஏற்றுங்கள். 256 எம்பி ராம் உள்ள போர்டுக்கு அது ஒன்றுமே இல்லை. ராம் உண்மையிலேயே குறைவு என்றால், கர்னலும் டிவைஸ் ட்ரீயும் மட்டும் உள்ள சிறு ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைத் தனியாக வையுங்கள். அப்போது ஸ்லாட் என்பது இரண்டு பார்ட்டிஷன்களின் ஜோடி. அப்டேட் இரண்டையும் எழுதி முடித்த பிறகே மாறியைத் திருப்ப வேண்டும்.

எந்த ஃபிளாஷில் என்ன கவனிக்க வேண்டும்

ஈஎம்எம்சியில் வேலை எளிது. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பழுதான துண்டுகளைத் தானே பார்த்துக்கொள்ளும், யூ-பூட்டுக்கு அது பிளாக் டிவைஸ். இரண்டாம் பார்ட்டிஷன் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்றால், எஸ்க்யூஎஃப்எஸ்எல்எஸ் கட்டளையால் பட்டியலைப் பார்த்து, எஸ்க்யூஎஃப்எஸ்லோட் கட்டளையால் கர்னலை ஏற்றலாம். பொதுவான லோட் கட்டளையும் வேலை செய்யும். அதனால் பூட் விவரங்கள் உள்ள எக்ஸ்ட்லினக்ஸ் கான்ஃப் கோப்பை இமேஜுக்குள்ளேயே வைத்து பூட் செய்வதும் நடக்கும். கர்னலுக்குத் தரும் வரியில் ரூட் பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டத்தின் வகை ஸ்குவாஷ்எஃப்எஸ், ரீட்-ஒன்லி, ரூட்வெயிட் நான்கும் இருக்க வேண்டும். ரூட்வெயிட் விட்டுப்போனால் ஈஎம்எம்சி கண்டறியப்படும் முன்பே கர்னல் ரூட்டைத் தேடி பேனிக் ஆகும்.

நேண்டில் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை நேரடியாக எழுதவே கூடாது. புதிய சிப்பிலேயே பழுதான துண்டுகள் இருக்கும். 1024 துண்டுகள் கொண்ட சிப்பில் 1004 மட்டுமே உறுதி என்று பல தரவுத்தாள்கள் சொல்கின்றன. யூ-பூட்டின் நேண்ட் எழுதும் கட்டளை பழுதான துண்டைத் தாண்டி அடுத்ததில் எழுதும், படிக்கும் கட்டளையும் அதே போலத் தாண்டிப் படிக்கும். எனவே பூட்லோடரில் எல்லாம் சரியாகத் தெரியும். லினக்ஸில் வெற்று ஃபிளாஷைக் காட்டும் எம்டிடி பிளாக் டிவைஸ் தாண்டாது. அந்த இடத்திலிருந்து இமேஜ் முழுவதும் ஒரு துண்டு தள்ளிப்போயிருக்கும், மவுன்ட் உடையும். பழுதே இல்லாத சிப் அமைந்த போர்டில் எல்லாம் ஓடும், அடுத்த போர்டில் ஓடாது. இந்தக் குழப்பத்தில் வாரக்கணக்கில் நேரம் போகும்.

நேண்டில், பழுதான துண்டுகளை நிர்வகிக்கும் யூபிஐ அடுக்கின் வால்யூமுக்குள் வைத்து, லினக்ஸில் யூபிஐ பிளாக் வழியாக மவுன்ட் செய்வதே முறை. லினக்ஸ் 3.15 முதல் இது உண்டு. நாம் எழுதவே இல்லையே, யூபிஐ எதற்கு என்று சிலர் கேட்பார்கள். படிப்பதாலும் நேண்டில் பிட்டுகள் புரளும். திருத்தக்கூடிய அளவில் புரண்டதும் தரவை வேறு துண்டுக்கு மாற்றுவது யூபிஐயின் வேலை. இது இல்லாமல் ஒரே பூட் பகுதியைத் தினமும் படிக்கும் சாதனம் சில ஆண்டுகளில் படுக்கும். இட இழப்பைக் கணக்கில் எடுங்கள்: 128 கேபி துண்டும் 2 கேபி பக்கமும் உள்ள சிப்பில், சப்-பேஜ் இல்லையென்றால் ஒரு துண்டுக்கு 126976 பைட்தான் கிடைக்கும். யூ-பூட்டின் அண்மைப் பதிப்புகளில் எம்டிடியையும் யூபிஐ வால்யூமையும் பிளாக் டிவைஸாகக் காட்டும் வசதி வந்திருக்கிறது. அது இல்லாத பதிப்பில் ஸ்குவாஷ்எஃப்எஸ் கட்டளைகளால் நேண்டையும் எஸ்பிஐ நாரையும் நேரடியாகத் தொட முடியாது. பேர்பாக்ஸ் பூட்லோடரில் எந்த டிவைஸும் கோப்பு போலத் தெரிவதால் இந்தத் தடை இல்லை.

எஸ்பிஐ நாரில் இரண்டு விஷயங்கள். முதலாவது, அழிக்கும் அளவு அழிப்புத் துண்டின் மடங்காக இருக்க வேண்டும். கோப்பின் அளவை அப்படியே கொடுத்தால் எஸ்எஃப் அழிக்கும் கட்டளை மறுக்கும். அளவுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அதுவே மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்ளும். இரண்டாவது, 16 எம்பிக்கு மேற்பட்ட சிப். 3 பைட் முகவரியால் 16 எம்பி வரைதான் எட்ட முடியும், அதற்கு மேல் 4 பைட். லினக்ஸ் சிப்பை 4 பைட் நிலைக்கு மாற்றிவிட்டு இருக்கும்போது வாட்ச்டாக் போர்டை ரீசெட் செய்தால், சிப்புக்கு ரீசெட் லைன் இல்லாத போர்டில் பூட் ரோம் 3 பைட்டில் பேசும், சிப் நான்காவது பைட்டுக்குக் காத்திருக்கும். பவரை அணைத்துப் போட்டால் மட்டும் பூட் ஆகும். ஸ்கீமாட்டிக் வரையும்போதே ரீசெட் லைனை இழுத்துவிடுவதுதான் சுத்தமான தீர்வு. போர்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால், நிலை மாறாமலேயே 4 பைட் எடுக்கும் தனிக் கட்டளைகள் உள்ள சிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விரிக்க முடியவில்லை, தரவு கெட்டிருக்கலாம் என்ற செய்தி எப்போதாவது மட்டும் வந்தால், இமேஜைச் சந்தேகப்படும் முன் எஸ்பிஐ கடிகாரத்தைக் குறையுங்கள். ஒரே பகுதியை ராமின் இரண்டு இடங்களில் படித்து, இரண்டுக்கும் சிஆர்சி32 போடுங்கள். இரண்டு படிப்பும் வேறுபட்டால் லைன் சிக்கல். இரண்டும் ஒன்றாக இருந்து, பில்டு கணினியில் உள்ள இமேஜோடு மட்டும் வேறுபட்டால் எழுதியதில் சிக்கல். ஸ்குவாஷ்எஃப்எஸ் தன் தரவுக்குத் தானாக எந்தச் சரிபார்ப்புத் தொகையும் வைப்பதில்லை, அதனால் இந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

கையொப்பம் பார்க்கும் முன்பே திறப்பது

செக்யூர் பூட் தேவைப்படும் சாதனங்களில் இந்த அமைப்புக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கர்னலைக் கையொப்பமிட்ட ஃபிட் இமேஜாக (கர்னலையும் கையொப்பத்தையும் சேர்த்து வைக்கும் யூ-பூட் கோப்பு வடிவம்) ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் வைத்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஃபிட் கோப்பை வெளியே எடுக்க, கையொப்பம் எதுவும் பார்க்காத ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை பூட்லோடர் முதலில் அலச வேண்டும். அந்த அலசும் குறியீட்டில் பிழை இருந்தால், ஃபிளாஷில் எழுத முடிந்தவன் கையொப்பப் பரிசோதனைக்கு முன்பே பூட்லோடரைக் கைப்பற்றலாம்.

இது வெறும் அச்சம் இல்லை. 2025 பிப்ரவரியில் சிவிஇ-2024-57254 முதல் 57259 வரை ஆறு பாதுகாப்புக் குறைபாடுகள் யூ-பூட்டில் அறிவிக்கப்பட்டன. அவற்றில் நான்கு நேரடியாக ஸ்குவாஷ்எஃப்எஸ் குறியீட்டில். சிம்லிங்க்கின் அளவைக் கணக்கிடும்போது எண் நிரம்பி வழிவது, சிம்லிங்க்குக்குள் சிம்லிங்க் என்று ஆழமாகப் போகும்போது ஸ்டாக் தீர்வது, கோப்பகத் தேடலில் ஒரு பைட் தவறி ஹீப் கெடுவது போன்றவை. திருத்தங்கள் 2025.01 பதிப்பில் இருக்கின்றன. சிப் தயாரிப்பாளர் கொடுத்த பழைய யூ-பூட் கிளையில் வேலை செய்பவர்கள், இந்தத் திருத்தங்கள் தங்கள் கிளைக்குப் பின்கொண்டு வரப்பட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முறையான வழி இரண்டு. ஒன்று, ஃபிட் இமேஜை ஃபைல் சிஸ்டமே இல்லாத தனிப் பார்ட்டிஷனில் வைத்து, ரூட் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸின் டிஎம்-வெரிட்டி (தரவு மாறவில்லையா என்று கர்னல் சரிபார்க்கும் முறை) ரூட் ஹாஷை அந்த ஃபிட்டுக்குள் கையொப்பத்தின் கீழ் கொண்டுவருவது. பூட்லோடருக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் தெரிய வேண்டிய தேவையே போய்விடும், அந்தக் குறியீட்டை பில்டிலிருந்தே நீக்கிவிடலாம். கர்னலும் ரூட்டும் பொருந்தவில்லை என்றால் ஹாஷ் பொருந்தாமல் பூட்டே ஆகாது. பாதுகாப்பு முதன்மை என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது, வரிசையைத் திருப்பிப் போடுவது. ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் ஃபிட் என்பதற்குப் பதில், ஃபிட்டுக்குள் ஸ்குவாஷ்எஃப்எஸ். 2023-இல் யூ-பூட்டுக்கு வந்த பிளாக்மேப் வசதி ராமில் உள்ள ஒரு பகுதியையே பிளாக் டிவைஸாகக் காட்டும். ஃபிட்டை முழுவதும் ராமில் படியுங்கள். இம்எக்ஸ்ட்ராக்ட் கட்டளையால் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைப் பிரித்தெடுங்கள், சரிபார்ப்பு அங்கே நடக்கும். அதன் அளவோடு 511 கூட்டி 512-ஆல் வகுத்துத் துண்டுகளின் எண்ணிக்கையை எடுங்கள். பிளாக்மேப்பில் ஒரு டிவைஸ் உருவாக்கி, அந்த ராம் முகவரியை மெம் வகையாக இணையுங்கள். பிறகு லோட் கட்டளைக்கு எம்எம்சிக்குப் பதில் பிளாக்மேப் என்று கொடுத்து, உள்ளிருக்கும் கர்னலை எடுத்து பூட் செய்யலாம். 512 துண்டாக முழுமையாக்க மறந்தால் இமேஜின் வால் வெட்டுப்படும், முன்னே சொன்ன அட்டவணைச் சிக்கல் இங்கேயும் வரும். முழு இமேஜும் ராமில் அடங்க வேண்டும், ஹாஷ் போடும் நேரமும் சேரும். 60 எம்பி இமேஜை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கவே 0.6 விநாடி ஆகும்.

இதில் ஒரு நுணுக்கம் தவறினால் எல்லாம் வீண். பூட்லோடரின் கன்ட்ரோல் டிவைஸ் ட்ரீயில் பொதுச்சாவி எதற்குக் கட்டாயம் என்று குறிக்கப்படும். பெரும்பாலோர் கான்ஃபிகரேஷனுக்குக் கட்டாயம் என்று குறிப்பார்கள், பூட்எம் கட்டளைக்கு அதுவே சரி. இம்எக்ஸ்ட்ராக்ட் கான்ஃபிகரேஷன் கையொப்பத்தைப் பார்ப்பதில்லை. தனித்தனி இமேஜின் ஹாஷையும், சாவி இமேஜுக்குக் கட்டாயம் என்று குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் கையொப்பத்தையும் மட்டுமே பார்க்கும். கான்ஃபிகரேஷன் குறிப்போடு மட்டும் விட்டால், ஹாஷைத் திருத்தி எழுதிய எந்த இமேஜும் உள்ளே வந்துவிடும், திரையிலும் சரிபார்ப்பு வெற்றி என்றே வரும். எனவே சோதிக்கும்போது ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் ஒரு பைட்டை மாற்றிப் பார்ப்பது போதாது. பைட்டை மாற்றி, ஹாஷையும் அதற்கேற்பத் திருத்தி, கையொப்பத்தை மட்டும் பழையதாக விட்ட ஒரு ஃபிட்டைக் கட்டுங்கள். போர்டு அதை மறுக்க வேண்டும்.